விசிறியா, யந்திரமா?

மும்பையில் இந்திய நுழைவாயிலின் படித்துறையிலிருந்து எலிபெண்டா தீவுக்கு மோட்டார்ப் படகில் சென்றவர்களும், கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை லாஞ்சில் கடப்பவர்களும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. படகு துறையை விட்டு விலகி வேகம் கூட்டும்போது பலகை இருக்கை அதிரும். கையிலுள்ள தேநீரில் வட்டவட்டமாகச் சிற்றலை எழும். இன்னும் சிறிது வேகம் கூடியதும் அந்த அதிர்வு சட்டென்று தணிந்துவிடுவதும் உண்டு. படகோட்டி இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதிர்வு வழக்கத்தை மீறிவிட்டால் அவர் முகம் மாறும். இது எங்கிருந்து வருகிறது? யந்திரத்திலிருந்தா, அல்லது நீருக்கடியில் சுழலும் புரொப்பெல்லர் என்னும் உந்து விசிறியிலிருந்தா?

எளிய கேள்வியாகத் தோன்றும் இதற்கு விடை காண, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த விடையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் கப்பற் பட்டறை நடத்திய ஆல்பிரட் யாரோ என்பவர். நம் மொழியில் வேறு பொருள் தரும் பெயர்தான். எனினும் கப்பற்கலை உலகில் அவர் யாரோ ஒருவர் அல்லர். 1842-இல் பிறந்து 1932-இல் மறைந்த அவர், முதலில் சிறிய நீராவிப் படகுகளையும், பின்னர் கடற்படைகளுக்கு வேண்டிய டார்ப்பிடோ படகுகளையும் கட்டிப் பெயர் பெற்றார்.

டார்ப்பிடோ படகு என்பது உடல் மெலிந்து உயிர் மிகுந்த ஒரு விந்தைப் பிறவி. எடை குறைவதற்காக அதன் எஃகுத் தகடுகள் மெல்லியவையாக இருக்கும். வேகம் பெறுவதற்காக யந்திரமோ பேராற்றல் உடையதாக இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அது நடுங்கிய நடுக்கத்தில் உள்ளிருப்போர் எதையும் குறிபார்ப்பது அரிது. நடுக்கம் பின்புறத்தில் மிகுதியாக இருந்தது. விசிறி இருப்பதும் பின்புறத்திலேதான். ஆகவே விசிறியின் இதழ்கள் நீரை அறைவதே காரணம் என்று பலரும் முடிவு கட்டினர். இம்முடிவை எள்ளி நகையாடுவதற்கில்லை. கண்ணுக்குத் தெரிந்த சான்று அப்படித்தான் சொல்லிற்று.

ஆல்பிரட் யாரோ செய்த சோதனை மிக எளியது. ஒரு டார்ப்பிடோ படகை நீரில் மிதக்கவிட்டுக் கட்டி நிறுத்தினார். அதன் விசிறியைக் கழற்றி எடுத்துவிட்டார். பிறகு, கடலில் ஓடும்போது இருக்கும் அதே சுழற்சி வேகத்தில் யந்திரத்தை ஓட்டினார். விசிறியே இல்லாத படகு முன்போலவே நடுங்கியது!

இச்சோதனையில் மற்றொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. விசிறி இல்லாதபோது யந்திரத்துக்குச் சுமை இல்லை. சிறிதளவு நீராவியே அதைச் சுழற்றப் போதும். அப்படியிருந்தும் நடுக்கம் குறையவில்லை என்றால், நீராவியின் விசையும் குற்றவாளி அன்று. எஞ்சியது ஒன்றே: யந்திரத்துக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் முதலிய கனத்த உறுப்புகளின் இயக்கம். 1892-இல் ஆங்கிலக் கப்பற் சிற்பிகளின் கழகத்தில் அவர் இதனைக் கட்டுரையாகப் படித்தார்.

ஓர் ஓடத்தின் நடுவே நின்றுகொண்டு ஒருவன் கனத்த கல்லொன்றை மார்பளவு தூக்குவதும் தாழ்த்துவதுமாக இருக்கிறான் என்று கொள்வோம். கல்லை அவன் எதன்மீதும் இடிக்கவில்லை. ஆயினும் ஓடம் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். கல்லை மேலே விசைக்கும்போதெல்லாம் அவன் கால்கள் ஓடத்தைக் கீழே அழுத்துகின்றன. பிஸ்டனும் இவ்வாறே. அதன் வேகம் இருமடங்கானால் அழுத்தும் விசை நான்கு மடங்காகும். இதற்கு மாற்றாக ஓடத்தின் இரு முனைகளிலும் இருவரை நிறுத்தி, ஒருவன் தூக்கும்போது மற்றவன் தாழ்த்தும்படி செய்தால் அமிழ்வது நிற்கும். ஆனால் ஓடம் ஏற்றத்தின் துலாவைப்போல் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். எடையைச் சமன் செய்தால் மட்டும் போதாது, இந்த ஆட்டத்தையும் சமன் செய்ய வேண்டும் என்பதே சிக்கலின் முடிச்சு. காரக்பூர், ஜம்ஷெட்பூர் முதலிய இடங்களில் யந்திரக் கூடங்களில் பணியாற்றிய நம்மவர்க்கு இது புதிதன்று. நீராவி ரயில் யந்திரத்தின் சக்கரத்தில் பிறைவடிவில் அமைந்திருக்கும் எதிர்எடை இதன் உடன்பிறப்பேயாகும்.

இனி, நடுக்கம் ஏன் பின்புறத்தில் மிகுந்தது? இதை விளக்கியவர் ஓட்டோ ஷ்லிக் என்னும் ஜெர்மானியப் பொறிஞர். நீண்ட மூங்கிற்கழியை அதிரவிட்டால் சில இடங்கள் அசையாமலிருக்க, முனைகள் மிகுதியாக அசைவதைக் காணலாம். கப்பலின் உடலும் அத்தகையதே. அதற்கென இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவதுபோல், யந்திரத்தின் சுழற்சி அந்த வேகத்தோடு ஒத்துவரும்போது நடுக்கம் உச்சம் அடைகிறது. அதைக் கடந்ததும் தணிகிறது. தேநீரின் சிற்றலை சட்டென்று அடங்குவதற்கு இதுவே காரணம். நடுங்கும் இடம் வேறு, நடுக்கம் பிறக்கும் இடம் வேறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அதிர்வைத் தாளில் தானே வரைந்து காட்டும் கருவியொன்றையும் ஷ்லிக் அமைத்தார்.

இவ்விருவரோடு ட்வீடி என்பவரின் பெயரும் சேர்ந்து, யாரோ-ஷ்லிக்-ட்வீடி முறை என்று ஓர் ஏற்பாடு வழக்குக்கு வந்தது. நான்கு கிராங்குகளின் கோணங்களையும், அவற்றோடு இயங்கும் உறுப்புகளின் எடைகளையும் கணக்கிட்டு, ஒன்றின் உதைப்பை மற்றவை விழுங்கும்படி அமைப்பது இம்முறை. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பிஸ்டன் யந்திரங்கள் இவ்வாறு சமன் செய்யப்பட்டவை. ஆயினும் தாளில் தீர்ந்த கணக்கு கடலில் உடனே தீர்ந்துவிடவில்லை. 1900-இல் ஓடத் தொடங்கிய டாய்ச்லாண்ட் என்னும் ஜெர்மானியக் கப்பல் வேகத்தில் முதலிடம் பெற்றும், நடுக்கத்தால் பிரயாணிகளின் கேலிக்கு ஆளாயிற்று.

யந்திரத்தைப் பழுதுபார்ப்போர் இன்றும் கையாளும் வழி ஆல்பிரட் யாரோ காட்டியதே. விசிறியைக் கழற்ற வேண்டிய தேவை இப்போது இல்லை. கியரை விடுவித்தாலே தண்டு நின்றுவிடும். அதன்பின் அதே வேகத்தில் யந்திரத்தை ஓட்டும்போது அதிர்வு மறைந்தால், விசிறியில் வலை சுற்றியிருக்கிறதா, இதழ் வளைந்திருக்கிறதா, தண்டு கோணியிருக்கிறதா என்று பார்ப்பர். அதிர்வு நீடித்தால் யந்திரத்தை ஆராய்வர். பழைய வகை டீசல் யந்திரங்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் செல்லும் குழாயின் மரையை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்துவது வழக்கம். ஒன்றைத் தளர்த்தியதும் யந்திரத்தின் ஓசை தாழ்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்துவந்தது என்று பொருள். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அதுவே முன்பே வேலை நிறுத்தம் செய்தது. ஒன்றை நீக்கிப் பார்த்து உண்மை காண்பதே இங்கும் முறை.

வரலாற்றின் வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளுக்குள்ளாகவே இதற்கு நேர்மாறான வழக்கும் எழுந்தது. மேலும் கீழும் ஓடும் உறுப்பே இல்லாத டர்பைன் என்னும் நீராவி யந்திரத்தைச் சார்லஸ் பார்சன்ஸ் 1884-இல் ஆக்கினார். அதைப் பொருத்திய டர்பினியா என்னும் சிறு கப்பல் 1894-இல் நீரில் இறங்கியது. ஏழு வகை விசிறிகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் அது 20 நாட் வேகத்தை எட்டவில்லை. இம்முறை புதிய யந்திரத்தையே எல்லோரும் ஐயுற்றிருப்பர். பார்சன்ஸ் அவசரப்படவில்லை. தண்டின் முறுக்கு விசையை அளக்கும் கருவி ஒன்றை அமைத்து, யந்திரம் தர வேண்டிய ஆற்றலைத் தந்துகொண்டுதான் இருக்கிறது என்று கண்டார். அப்படியானால் அந்த ஆற்றல் விசிறியில் வீணாகிறது.

அதே காலத்தில் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய டேரிங் என்னும் போர்க்கப்பலும் இதே நோயால் வருந்தியது. விசிறி மிகுந்த வேகத்தில் சுழலும்போது, இதழின் பின்புறத்தில் நீர் தொடர்ந்து வர மாட்டாமல் வெற்றுக் குமிழிகளாகப் பிளந்துவிடுகிறது. விசிறி நீரைப் பற்றாமல் குமிழிகளிடையே வீணே சுழல்கிறது. டேரிங் கப்பலில் இதழ்களின் பரப்பை ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டியதும், 24 நாட் அளவில் தயங்கிய வேகம் 28 நாட்டைத் தாண்டியது, நடுக்கமும் தணிந்தது. பார்சன்ஸ் இதைக் கண்ணாலேயே காண விரும்பினார். 1895-இல் ஒரு சிறு தொட்டியில் கொதிநிலையை நெருங்கிய வெந்நீரை நிரப்பி, இரண்டு அங்குல விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் உதவியால் குமிழிகள் பிறப்பதைப் பார்த்தார். பின்னர் ஒரு தண்டுக்கு மாறாக மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளும் பொருத்தினார். 1897 ஜூன் 26-ஆம் நாள், விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி ஸ்பிட்ஹெட்டில் அணிவகுத்து நின்ற பெரும் கடற்படையின் நடுவே டர்பினியா 34 நாட் வேகத்தில் பாய்ந்து சென்றது. துரத்திப் பிடிக்க அங்கே வேறு கப்பல் இல்லை.

டர்பைன் வந்ததோடு பழைய யந்திரங்கள் மறைந்துவிடவில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களை ஏற்றிச்சென்ற ரஜுலா கப்பல், 1926-இல் கட்டப்பெற்று 1973 வரை பிஸ்டன் யந்திரங்களாலேயே ஓடியது. டர்பைன் பூண்ட கப்பல்களுக்கும் நடுக்கம் முற்றும் ஒழியவில்லை. 1907-இல் ஓடத் தொடங்கிய மோரிட்டேனியாவின் பின்புறம் அதிர்ந்தது. இம்முறை குற்றம் உண்மையாகவே விசிறியினுடையது. மூன்று இதழ் விசிறிகளை நீக்கி 1909-இல் நான்கு இதழ் விசிறிகளைப் பொருத்தினர். அவ்வாண்டில் அக்கப்பல் பெற்ற அட்லாண்டிக் வேகப் பெருமை 1929 வரை அதனிடமே இருந்தது.