மான்டி கார்லோ சூதாட்டக்கூடமும் நிகழ்தகவும்: குறுங்கால அதிர்ஷ்டம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1863–1894)

முன்னுரை

1891ஆம் ஆண்டு சூலை மாதத்தில் சார்லஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்டக்கூடத்தில் சில நாள்களிலேயே பெருந்தொகை வென்றார். ஒரு மேசைக்கென ஒதுக்கப்பட்ட பணம் தீர்ந்து, புதிய பணம் வரும்வரை ஆட்டம் நிறுத்தப்படுவதை 'வங்கியை உடைத்தல்' என்பர். வெல்ஸ் அதனைப் பலமுறை நிகழ்த்தினார். தவறாத ஆட்டமுறை ஒன்று அவரிடம் இருந்ததாகப் பேசப்பட்டது. அவ்வெற்றி நிகழ்தகவுக் கோட்பாட்டிற்கு முரணானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூடத்தின் கணக்கு

1863இல் பிரான்சுவா பிளாங்க் மொனாக்கோவில் சூதாட்ட உரிமையைப் பெற்றார். அதன் வருவாயால் 1869இல் அந்நாட்டு மக்கள் நேரடி வரியினின்று விடுவிக்கப்பட்டனர். ஓர் அரசின் நிதிநிலையே தாங்கி நிற்குமளவு அவ்வருவாய் உறுதியானதாக இருந்தது. அவ்வுறுதிக்கு அடிப்படை ரூலெட் வட்டின் அமைப்பே ஆகும். அதில் சுழியம் உட்பட 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின்மீது வைத்த பந்தயம் வென்றால் 35 மடங்கே கிடைக்கும். நியாயமான ஈடு 36 மடங்காகும். இவ்வேறுபாட்டால் பந்தயத் தொகையில் சராசரியாக 37இல் ஒரு பங்கு, அதாவது 2.70 விழுக்காடு, கூடத்தைச் சேர்கிறது.

குறுங்காலமும் நெடுங்காலமும்

யாக்கோபு பெர்னூலியின் நூல் அவர் மறைவிற்குப் பின் 1713இல் வெளிவந்தது. முயற்சிகள் பெருகப் பெருக, நிகழ்வின் விகிதம் அதன் நிகழ்தகவை நெருங்கும் என்பதை அது நிறுவியது. சில முயற்சிகளில் என்ன நேரும் என்பதற்கு அவ்விதி உறுதி தருவதில்லை.

ஒரே எண்ணின்மீது சுற்றுக்கு ஒரு பிராங்க் வீதம் 100 சுற்றுகள் ஆடுபவர் இலாபத்துடன் எழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 51 விழுக்காடு. 10,000 சுற்றுகளில் அது சுமார் 32 விழுக்காடாகவும், ஒரு இலட்சம் சுற்றுகளில் சுமார் 7 விழுக்காடாகவும் குறைகிறது. ஆகவே ஒரு மாலைப்பொழுதில் வெல்பவர் பலர் இருத்தல் கோட்பாட்டிற்கு விலக்கன்று. கோட்பாடு எதிர்பார்ப்பதே ஆகும். அத்தகையோருள் மிக அரிதான ஒருவராகவே வெல்ஸைக் கருத வேண்டும்.

வெல்ஸின் பிற்கால வாழ்வும் இதற்குச் சான்றாகிறது. அவர் மீண்டும் மான்டி கார்லோவிற்கு வந்து இழந்தார். போலிக் கண்டுபிடிப்புகளைக் காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்திற்காக 1893இல் இலண்டனில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கூடமோ அவரது வெற்றியால் நலிவுறவில்லை. 1892இல் இங்கிலாந்தில் பரவிய மேடைப்பாடல் ஒன்று 'வங்கியை உடைத்தவரை'ப் புகழ்ந்து, அக்கூடத்திற்குச் செலவில்லாத விளம்பரமாயிற்று.

பியர்சனின் ஐயம்

1894இல் கார்ல் பியர்சன், 'லெ மொனாக்கோ' என்னும் இதழ் வெளியிட்ட ரூலெட் முடிவுகளைப் பகுப்பாய்ந்தார். சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வருவது எதிர்பார்ப்பினும் மிகுதியாக இருந்தது. இதனைக் கொண்டு, மான்டி கார்லோவின் ரூலெட் தற்செயல் விதிக்கு உட்பட்டதன்று என அவர் முடிவு செய்தார். செய்தியாளர்கள் மேசையைக் கவனிக்காமல் கற்பனையாக எண்களை எழுதியிருக்கக்கூடும் எனப் பின்வந்தோர் விளக்கினர். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாயின், அதில் வெளிப்படுவது வட்டின் குறை அன்று, மனித மனத்தின் இயல்பே. தற்செயல் என்றால் அடிக்கடி மாற வேண்டும் என மனம் கருதுகிறது. உண்மைத் தற்செயலிலோ நீண்ட வரிசைகள் இயல்பாகவே தோன்றும். 'இத்தனை முறை கறுப்பு வந்ததால் இனிச் சிவப்பே வரும்' எனப் பந்தயம் வைப்பவரின் பிழையும் இதுவே. முன்னைய சுற்றுகள் அடுத்த சுற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

முடிவுரை

குறுங்கால அதிர்ஷ்டமும் நெடுங்கால நிகழ்தகவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முன்னது ஆடுவோரை ஈர்க்கிறது. பின்னது கூடத்திற்கு வருவாய் அளிக்கிறது. தனியொருவரின் கைப்பொருள் நெடுங்காலம் வருமுன்னரே தீர்ந்துவிடக்கூடும். கூடமோ எல்லா மேசைகளிலும் எல்லாருடனும் ஒரே வேளையில் ஆடுவதால் நெடுங்காலத்தை நாள்தோறும் அடைகிறது. வெல்ஸ் உடைத்தது ஒரு மேசையின் இருப்பையே; 37இல் ஒரு பங்கு என்னும் கணக்கை அவரால் உடைக்க இயலவில்லை.