ஆரணிப் பட்டும் அயலரசின் பட்டியலும்

சிறார் உழைப்பாலோ கட்டாய உழைப்பாலோ உருவாகும் பொருள்களின் பட்டியலை, ஆள்கடத்தலுக்கு எதிரான தன் நாட்டுச் சட்டத்தின்படி, அமெரிக்கத் தொழிலாளர் துறை 2009 செப்டம்பரில் வெளியிட்டது. இந்தியப் பட்டுத்துணியும் பட்டுநூலும் அதில் இடம்பெற்றன. இது வணிகத் தடைக்கான சூழ்ச்சி என எதிர்ப்பு எழுந்தது. உரத்து ஒலித்தது ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர் குரலே. உள்நாட்டுச் சந்தைக்குச் சேலை நெய்யும் ஆரணியின் தறிகள் அவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றன.

அயலார் சுமத்திய பழி என்னும் வாதம் வரலாற்றின்முன் நிற்பதில்லை. உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் 1995இல் தமிழகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் கொத்தடிமைத் தொழிலாளர் இருப்பதாக மதிப்பிட்டனர். மாநில அரசின் 1996 கணக்கெடுப்போ சுமார் 25,000 பேரையே கண்டது. அம்மறுப்புக்கு வாஷிங்டன் காரணமன்று.

முரண்பாட்டின் வேர் முன்பணத்தில் உள்ளது. பட்டு நெசவில் அது தொழில்மரபாகவே, சில வேளை உதவியாகவே, எண்ணப்படுகிறது. ஆயின் அக்கடனுக்கு ஈடாக உழைப்பவர் வேறிடம் வேலை தேடும் உரிமையை இழப்பாராயின், 1976ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அதனைக் கொத்தடிமை என்றே கொள்கிறது.