கரி மை: நாஞ்சில் நாட்டு ஓலை முதல் வீட்டுப் பிரிண்டர் வரை

கரி மை என்பது புகைக்கரியை நிறமாகக் கொண்ட கருப்பு மை. ஓலைச்சுவடியின் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியச் செய்ததும், ஈய எழுத்துகளைக் கொண்டு நூல் அச்சிட்டதும் இந்த மையே. இன்று வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் ஒளிப்படப் பிரிண்டர்களில் வண்ண மைகளை நீக்கிவிட்டு, கருப்பும் பலவகைச் சாம்பல் நிறங்களும் கொண்ட மைகளை மட்டும் நிரப்பிக் கருப்பு-வெள்ளைப் படங்களை அச்சிடும் முறை ஒன்று உள்ளது. அதற்கான மைகள் ஒற்றைநிற மைகள் எனப்படுகின்றன. அவற்றுள் நீண்ட காலம் நிலைப்பவை பெரும்பாலும் கரியால் ஆனவை. மழையும் கடற்காற்றும் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், பழைய குடும்பப் படங்களைக் காக்க விரும்புவோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஓலையும் மையும்

பனையோலையில் எழுதுபவர் எழுத்தாணியால் ஓலையைக் கீறுவார். கீறல் ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் எழுத்து எளிதில் தெரியாது. விளக்குப் புகையில் சேர்ந்த கரியை எண்ணெயுடனோ இலைச்சாற்றுடனோ குழைத்து ஓலையின்மேல் பூசித் துடைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள கரி துணியோடு போய்விடும். கீறலுக்குள் புகுந்த கரி தங்கிவிடும். கண்ணுக்கு இடும் மையும் இதே வகையில் வீட்டிலேயே செய்யப்பட்டது. எரியும் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து, அதில் படியும் கரியை வழித்தெடுப்பது பல வீடுகளில் வழக்கம். கண்ணுக்கு இடுவதையும் எழுத்துக்கு இடுவதையும் தமிழ் ஒரே சொல்லால் மை என்று குறிப்பிடுகிறது.

நாஞ்சில் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகள். நிலம், நீர், வரி, வழக்கு ஆகியவை பற்றிய ஆவணங்களோடு மனிதர்களை அடிமைகளாக விற்றதற்கான ஓலைகளும் அவற்றில் உண்டு. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இவ்வோலைகளைப் படியெடுத்தார். பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்னும் நூலாகப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டின் சமூக வரலாற்றை எழுதுவோருக்கு இவை முதன்மைச் சான்றுகள். ஓலை பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகக் கூடியது. ஆனால் ஓலை இருக்கும் வரை அதிலுள்ள கரி வெளிறுவதில்லை.

நாகர்கோவில் அச்சுக்கூடம்

1806-இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். 1818-இல் வந்த சார்லஸ் மீட் பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1820-களின் தொடக்கத்தில் அங்கே ஓர் அச்சுக்கூடம் ஏற்பட்டது. திருவிதாங்கூரின் மிகப் பழைய அச்சுக்கூடங்களில் அது ஒன்று.

அக்கால அச்சு மையும் புகைக்கரியால் ஆனதே. காய்ச்சிக் கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெயில் கரியைக் கலந்து அரைத்தால் அச்சு மை கிடைக்கும். எண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகும்போது கரியைத் தாளோடு பிணைத்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டு நூல்களின் தாள் பழுத்து நொறுங்கிய நிலையிலும் எழுத்து கருமையாகவே இருப்பதை எந்தப் பழைய நூலகத்திலும் காணலாம்.

அச்சுநூலில் படம் சேர்ப்பது தனிச் சிக்கலாக இருந்தது. 1871-இல் சாமுவேல் மட்டீர் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய ஆங்கில நூலில் செதுக்குப் படங்களே இடம்பெற்றன. பின்னர் ஒளிப்படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை வந்தது. பெரிய புள்ளிகள் நெருங்கிய இடம் கருப்பாகவும், சிறிய புள்ளிகள் உள்ள இடம் சாம்பலாகவும் தோன்றும். பழைய செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இது விளங்கும். அங்கே சாம்பல் நிற மை கிடையாது. ஒரே கருப்பு மைதான் சாம்பல்போலக் கண்ணுக்குத் தோன்றுகிறது. இக்காலப் பிரிண்டரின் ஒற்றைநிற மைகளைப் புரிந்துகொள்ள இது அடிப்படை.

மங்கிய ஒளிப்படங்கள்

1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒளிப்படக் கலை, கரிக்குப் பதில் வெள்ளியை நம்பியது. தாளில் உள்ள வெள்ளி உப்பு ஒளிபட்டுக் கருக்கும். அந்தக் கருமையே படம். விரைவிலேயே ஒரு குறை தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள் பல படங்கள் மஞ்சளாகி மங்கின. இதை ஆராய 1855-இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. சரியாகக் கழுவப்படாமல் தாளில் தங்கிய ஹைப்போ, கந்தகம், ஈரம் ஆகியவை முக்கியக் காரணங்கள் என அறியப்பட்டது.

இதற்குத் தீர்வாகக் கண்டறியப்பட்டதும் கரியே. 1855-இல் பிரான்சின் அல்போன்ஸ் புவாட்வென், நிறமி கலந்த ஜெலட்டின் படலத்தில் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1864-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் அம்முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். இவ்வாறு உருவான கார்பன் பிரிண்ட் படங்கள் மங்காதவை என்று பெயர் பெற்றன. ஆனால் செய்முறை கடினமானது; ஊர்தோறும் இருந்த ஸ்டூடியோக்களில் வெள்ளித் தாளே நிலைத்தது.

திருவிதாங்கூரில் 1900-ஆம் ஆண்டையொட்டி அரசின் ஒளிப்படக் கலைஞராக விளங்கியவர் சக்கரியா டி'குரூஸ். அவர் எடுத்த படங்களின் தொகுப்பு பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. நூலகத்தில் இருட்டும் சீரான குளிர்ச்சியும் உண்டு. அதே காலத்து வெள்ளிப் படங்கள் ஒரு வீட்டின் பட்டாசாலைச் சுவரில் தொங்கியிருந்தால் நிலைமை வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் ஏறும்போது படத்தின் ஜெலட்டின் படலம் ஊறிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை படரும். வெள்ளி விளிம்புகளில் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். தாத்தா பாட்டியின் ஒரே படம் இப்படி அழிந்த குடும்பங்கள் பல.

ஊட்டியின் இந்து தாள்

இந்தியாவின் கருப்பு-வெள்ளை ஒளிப்படக் கலைக்கு உள்நாட்டிலேயே பிலிமும் தாளும் தந்தது உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-இல் நிறுவப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனம் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்பது அதன் வணிகப் பெயர். வண்ணப் படமும் பின்னர் டிஜிட்டல் கேமராவும் வந்தபின் அதன் சந்தை சுருங்கியது. நிறுவனம் நலிந்து உற்பத்தியும் நின்றது. ஊர் ஸ்டூடியோக்களின் இருட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கருப்பு-வெள்ளைப் படத்தை நல்ல தாளில் எடுத்துத் தர ஆளில்லாத நிலை வந்தது.

அவ்விடத்தை நிரப்பிய வண்ணப் படங்கள் நிலைத்து நிற்கவில்லை. 1970-களிலும் 1980-களிலும் எடுத்த வண்ணப் படங்கள் பல இன்று சிவந்தோ மஞ்சளாகவோ இருக்கின்றன. அவற்றின் நிறம் சாயத்தால் ஆனது. சாயத்தின் மூலக்கூறு ஒளியாலும் வெப்பத்தாலும் சிதைகிறது. மணமக்களின் கருப்பு-வெள்ளைப் படம் தெளிவாக இருக்க, அவர்கள் பிள்ளைகளின் வண்ணப் படம் வெளிறியிருப்பதைப் பல ஆல்பங்களில் பார்க்கலாம்.

வீட்டுப் பிரிண்டரும் அதன் குறையும்

மையைத் துளிகளாகத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டர் 1990-களில் ஒளிப்படத் தரத்தை எட்டியது. முதலில் வந்த மைகள் பெரும்பாலும் சாய மைகள். 2000-ஆம் ஆண்டையொட்டி, புதிதாக அச்சிட்ட படங்கள் காற்றிலுள்ள ஓசோன் பட்டுச் சில மாதங்களிலேயே ஆரஞ்சு நிறமாகிய நிகழ்வுகள் பலரைத் திகைக்கச் செய்தன. 1855-இல் லண்டன் குழு ஆராய்ந்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கருப்பு-வெள்ளைப் படத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. சாதாரண வண்ணப் பிரிண்டர் சாம்பல் நிறத்தை உண்டாக்க நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலக்கிறது. கலவை சிறிது பிசகினாலும் முகத்தில் பச்சையோ சிவப்போ படரும். டியூப் லைட்டில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரியும். மூன்று சாயங்களும் வெவ்வேறு வேகத்தில் மங்குவதால் ஆண்டுகள் செல்லச் செல்ல நிறம் மாறும். கருப்பு மையை மட்டும் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும். ஆனால் பழைய செய்தித்தாள் படம்போல வெளிர் பகுதிகளில் புள்ளிகள் தெரியும்.

ஒற்றைநிற மைகள்

இரண்டு குறைகளுக்கும் ஒரே தீர்வாக வந்தவை ஒற்றைநிற மைகள். பிரிண்டரின் நீலம், சிவப்பு, மஞ்சள் இடங்களில் அடர்ந்த சாம்பல், நடுத்தரச் சாம்பல், வெளிர் சாம்பல் எனப் படிப்படியாக நீர்த்த மைகள் நிரப்பப்படுகின்றன. வெளிர் பகுதிக்கு வெளிர் மையே நெருக்கமாகத் தெளிக்கப்படுவதால் புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்னத்தின் நிழலும் வேட்டியின் மடிப்பும் இழைந்து வருகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த அச்சுக்கலைஞர் ஜான் கோன் 2000-ஆம் ஆண்டையொட்டி 'பீசோகிராபி' என்ற பெயரில் இத்தகைய மைகளையும் மென்பொருளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ராய் ஹாரிங்டன் உருவாக்கிய குவாட்டோன்ரிப் என்னும் மென்பொருள், எந்த இடத்தில் எந்த மை எவ்வளவு விழவேண்டும் என்பதைப் பயனாளரே வகுத்துக்கொள்ள வழிசெய்தது. 2005-இல் எப்சன் நிறுவனம் கருப்பு, வெளிர் கருப்பு, மிக வெளிர் கருப்பு என மூன்று நிலைகளை வண்ண மைகளோடு சேர்த்தே தரும் கே3 மைகளை வெளியிட்டது. முழு மாற்றம் விரும்பாதவர்களுக்கு அது இடைப்பட்ட வழி.

நீர்த்த கரி மை தூய சாம்பலாக இராது. சற்றே பழுப்பாக இருக்கும். பழைய படங்களின் சாயலை ஒத்திருப்பதால் பலர் அதை அப்படியே ஏற்கின்றனர். பழுப்பை நீக்கச் சில மைகளில் நீல நிறமி சிறிதளவு சேர்க்கப்படுகிறது. சேர்த்த நிறமி கரியைப்போல் நிலைக்காது. எனவே நிறத்தில் நடுநிலை வேண்டுமா, ஆயுள் வேண்டுமா என்பதை அச்சிடுபவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

இந்தியாவில் 2010-க்குப் பின் மைத்தொட்டிப் பிரிண்டர்கள் பரவின. எப்சன் எல்800, எல்805 போன்ற ஆறு தொட்டி கொண்ட பிரிண்டர்கள் ஊர் ஸ்டூடியோக்களில் பரவலாகக் காணப்படுபவை. இவற்றோடு வருவது சாய மை. ஒற்றைநிற மைக்கு மாற விரும்புபவர் ஒரு பிரிண்டரை அதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது; வண்ணத்துக்கும் கருப்புக்கும் மாறி மாறிப் பயன்படுத்தினால் மைகள் கலந்து இரண்டும் கெடும். வேறு மை நிரப்பினால் நிறுவனத்தின் உத்தரவாதம் செல்லாமற் போகலாம் என்பதையும் கருத வேண்டும்.

பழைய மையைக் கழுவி நீக்கிய பின்னரே புதிய மை நிரப்பப்பட வேண்டும். கரி நீரில் கரைவதில்லை; நுண்துகளாக மிதக்கிறது. பல நாட்கள் அசையாமல் இருந்தால் அடியில் படியும். ஆகவே மைக்குப்பியை மெதுவாகக் குலுக்கியபின் நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறையேனும் ஒரு பக்கம் அச்சிடாவிட்டால் மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும். வெள்ளை முதல் கருப்பு வரை சம இடைவெளியில் அமைந்த 21 படிகள் கொண்ட ஒரு பட்டையை முதலில் அச்சிட்டு, ஒவ்வொரு படியும் தனித்துத் தெரிகிறதா என்று பார்ப்பது சிறந்த சோதனை.

தாளும் மைக்கு இணையாக முக்கியமானது. பளிச்சென்ற வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்வுப் பொருள்கள் நாளடைவில் செயலிழந்து தாள் மஞ்சளாகும். அவை சேராத, அமிலமற்ற பருத்தித் தாள் ஏற்றது. அச்சிட்ட படத்தை ஒரு நாளாவது உலரவிட்டு, கண்ணாடியில் படாதபடி நடுவே அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிட வேண்டும். மழைக்காலத்தில் நனையும் வெளிச்சுவரில் மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

படியெடுத்தல்

கரி மை எல்லா ஆபத்தையும் தடுக்காது. கரையானும் பூஞ்சையும் தாளைத் தின்னும்போது அதிலுள்ள கரியும் போய்விடும். ஓலைச்சுவடிக் காலத்திலும் நிலைமை இதுவே. அதனால்தான் நம் முன்னோர் நல்ல மையை மட்டும் நம்பியிருக்கவில்லை. பழுதடையும் ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். இன்று நம் கைக்கு எட்டியிருக்கும் பழைய நூல்களும் ஆவணங்களும் அப்படிப் படியெடுத்தவர்களின் உழைப்பால் வந்தவை.

பழைய ஒளிப்படத்தை ஸ்கேன் செய்து கரி மையால் அச்சிடுவது அதே வேலையின் தொடர்ச்சி. மூலப் படத்தை எறிந்துவிடக் கூடாது. படியோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரு படி வீட்டிலும் இன்னொன்று உறவினர் வீட்டிலும் இருந்தால் வெள்ளமோ கரையானோ இரண்டையும் ஒருசேர அழிக்க வாய்ப்புக் குறைவு. படத்தின் பின்புறம் அதில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. பேனா மை ஊடுருவிக் கறைபடுத்தலாம். பென்சில் அப்படிச் செய்யாது. பென்சிலின் கருமையும் கரியின் ஒரு வடிவமே. முகம் மங்காமல் நின்றும் யார் என்று சொல்ல ஆளில்லாத படங்கள் பல வீடுகளில் கிடக்கின்றன. பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.