மைசூருவில் மிதிவண்டி உண்டு, தனிப்பாதை எங்கே?

மைசூரு (கர்நாடகா): அரசு முயற்சியில் உருவான இந்தியாவின் முதல் பொது மிதிவண்டிப் பகிர்வுத் திட்டம் என அறியப்படும் 'டிரின் டிரின்', 2017 ஜூன் 4 அன்று மைசூருவில் தொடங்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் சித்தராமையா இதனைத் தொடங்கி வைத்தார். மிதிவண்டி மணியின் ஓசையே திட்டத்தின் பெயராயிற்று.

திட்டம் என்ன?

மைசூரு மாநகராட்சியும் மாநில நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியுடன் இதனைச் செயல்படுத்தின. 450 மிதிவண்டிகளும் 48 நிலையங்களும் அமைக்கப்பட்டன. பதிவு செய்தவர் அரண்மனை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் வண்டியை எடுத்து, வேறொரு நிலையத்தில் திருப்பி விடலாம்.

சிக்கல் எங்கே?

வண்டி கிடைப்பதும் பாதுகாப்பான வழி கிடைப்பதும் ஒன்றல்ல. தடையற்ற தனிப்பாதை இல்லாத சாலைகளில், மிதிவண்டியில் செல்வோர் பேருந்து, கார், இருசக்கர வாகனங்களுக்கு இடையேதான் பயணிக்க வேண்டியுள்ளது. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நேர்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4,800-க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள்.

கோடு மட்டும் போதுமா?

சாலையோரம் வண்ணக்கோடு வரைந்தால் மட்டும் அது பாதையாகிவிடாது. வாகனங்கள் அங்கு நிறுத்தப்பட்டால், மிதிவண்டியில் செல்பவர் விரைவுப் போக்குவரத்துக்குள் திடீரெனத் திரும்ப நேரிடும். எனவே, வாகன வேகம் மிகுந்த சாலைகளில் தடுப்புக்கல் அல்லது உயர்த்தப்பட்ட விளிம்பு தேவை. சந்திப்புகளில் பாதை அறுபடாமல் தொடர வேண்டும். இரவில் வெளிச்சம் வேண்டும்.

எல்லாச் சாலைகளிலும் தனிப்பாதை அமைப்பது இயலாது. அங்கு வேகக் கட்டுப்பாடே பாதுகாப்பு. மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் அதிகபட்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது.

மைசூருவின் வாய்ப்பு

1903-ஆம் ஆண்டிலேயே நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியத்தை அமைத்து, திட்டமிட்டு விரிவாக்கப்பட்ட நகரம் மைசூரு. அதன் குடியிருப்புப் பகுதிகளில், முதன்மைச் சாலைகளுக்கு இணையாகச் செல்லும் உட்தெருக்கள் பல உள்ளன. அவற்றை வழிகாட்டிப் பலகைகளால் இணைத்து, சந்திப்புகளைப் பாதுகாப்பாக மாற்றினால், பெரும் செலவின்றியே பள்ளி, சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு மிதிவண்டி வழிகள் உருவாகும். பள்ளி மாணவர் ஒருவர் அச்சமின்றித் தனியே செல்ல முடிகிறதா என்பதே அவ்வழிகளுக்கான உண்மையான அளவுகோல்.