தோலிருக்கை சொல்லும் வரலாறு

புறநானூற்றின் 82ஆம் பாட்டைத் தமிழாசிரியர் பலரும் வகுப்பறையில் நடத்தியிருப்பர். ஊரில் விழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடியிருக்கும்! போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத போர் அந்த ஊசியினும் விரைந்து முடிந்ததாகப் பாடுகிறார் சாத்தந்தையார். மன்னனின் ஆற்றலை அளப்பதற்கு ஒரு தோல்தொழிலாளியின் ஊசியே அளவுகோலாயிற்று. ஆயினும் அவனைக் குறிக்கப் பாட்டில் வரும் சொல் ‘இழிசினன்’ என்பதாகும். கைத்திறனை வியந்த நாவே கைக்குரியவனை இழித்துச் சுட்டியது. இம்முரண்பாடு இத்துணை நூற்றாண்டுகள் கடந்தும் நம்மைவிட்டு அகன்றுவிட்டதா?

இக்கேள்வியோடு கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் நகர்வரை, பழைய மோரிஸ் மைனரையோ மெர்சிடிசையோ குடும்பச் சொத்தாகப் போற்றுவோர் இன்றும் உளர். அத்தகைய காரின் கதவைத் திறந்தவுடன் கண்ணிற்படுவது அதன் இருக்கை. ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு தேய்ந்திருக்கும். நிறம் உதிர்ந்து, வெடிப்புகள் ஓடியிருக்கும். தையல் சில இடங்களில் விட்டிருக்கும். ‘பழையதைக் கிழித்தெறிந்து புது உறை போடலாமே’ என்பது பலரும் கூறும் அறிவுரை. ஆனால் அந்த இருக்கை ஒரு பொருள் மட்டுமன்று. அஃது ஓர் ஆவணம். அதனைப் படிக்கத் தெரிந்தவனே செவ்வனே பழுதுபார்க்கவும் வல்லவன்.

முதலில் மேற்புறத்துத் தோலைப் பார்ப்போம். பச்சைத் தோல் அழுகும் இயல்பினது. அதனை அழியாப் பொருளாக்குவதே பதனிடுதல். தமிழகத்தார் இதற்கு ஆவாரம்பட்டையின் துவர்ப்பை நெடுங்காலம் பயன்படுத்தினர். அவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்கு அது பேரளவில் பயன்பட்டது. பின்னர் வந்தது குரோமிய உப்பு கொண்டு பதனிடும் முறை. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1912ஆம் ஆண்டில் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையே, இன்று நாம் குரோம்பேட்டை என வழங்கும் ஊருக்குப் பெயரளித்தது. 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் எழுந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களின் பெயர்களை இத்தொழிலிலிருந்து பிரிக்க இயலாது.

ஆங்கிலக் கார்களின் இருக்கைத் தோலெல்லாம் தமிழகத்திலிருந்தே சென்றது என்று நாம் உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. அகன்ற இருக்கைகளுக்குப் பெரும்பாலும் ஐரோப்பிய மாடுகளின் பெரிய தோல்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. எனினும், தோலைத் தோலாக்கும் அறிவில் தமிழ்க் கைகளுக்குப் பங்குண்டு என்பதை எவரும் மறுக்க முடியாது.

இனித் தோலுக்கு உள்ளே நோக்குவோம். அங்கிருப்பது நம் சொந்தக் கதை. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888 முதல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதன்பின் சிலாங்கூர் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவியவர்கள் யார் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1929ஆம் ஆண்டளவில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் முறையைக் கண்டனர். சுருள்வில்லும் குதிரைமயிரும் இருந்த இடத்தை ரப்பர் நுரை பிடிக்கத் தொடங்கியது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கை மலாயா விளைவித்த காலம் அது. செல்வர் அமர்ந்த மெத்தைக்குள் தோட்டத்து வாளியில் விழுந்த பால் உறைந்திருந்தது. அந்தப் பாலைச் சேர்த்தவர்களோ அந்த இருக்கையில் அமரும் நாளைக் கனவிலும் காணவில்லை!

காலம் மாறியது. 1967ஆம் ஆண்டில் ஷா ஆலம் வட்டாரத்தில் வால்வோ கார்களைப் பூட்டும் ஆலை தொடங்கியது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. தோலின் இடத்தை ரெக்சினும் பிளாஸ்டிக் உறையும் துணியும் கொண்டன. ரப்பர் நுரையின் இடத்தைச் செயற்கை நுரை கொண்டது. ஆகவே எஞ்சியுள்ள பழைய தோலிருக்கை, அந்த மறைந்த காலத்தின் சாட்சியாகும்.

இச்சாட்சியை அழிப்பவை எவை? நம் நாட்டு வெயிலும் ஈரமுமே முதற்பகைவர். மூடிய காருக்குள் ஏறும் வெப்பம் தோலின் நெய்ப்பசையை வற்றச் செய்கிறது. வெயில் நிறத்தை வெளுக்கிறது. வியர்வையும் உடலெண்ணெயும் மேற்பூச்சை அரிக்கின்றன. மழைக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் காரில் பூசணம் பூக்கிறது. இவற்றோடு அன்பினால் செய்யும் தீங்கும் ஒன்றுண்டு: தேங்காயெண்ணெய் தடவுதல்! அப்போதைக்குப் பளபளக்கும்; நாளடைவில் எண்ணெய் சிக்குப் பிடித்துத் தோல் கறுத்து, தூசியும் பூசணமும் படியும்.

பழுதுபார்க்கும் முறை பொறுமையை வேண்டுவது. மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்தாக நின்றால் தோல் மேற்பூச்சு உடையது. உள்ளே ஊறினால் பூச்சற்றது அல்லது பூச்சுத் தேய்ந்தது. பின்னர் மென்மையான சோப்பு நுரையும் மென்தூரிகையும் கொண்டு, நனைத்துவிடாமல், அழுக்கை எடுக்க வேண்டும். வெந்நீர் ஆகாது, பட்டையால் பதனிட்ட தோல் குரோமியத் தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். வெயிலில் காயவைத்தலும் கூடாது. நிழலும் காற்றும் போதும். கிழிசலுக்கு மேலே ஒட்டுப் போடாமல் உட்புறமாகத் துணியோ மெல்லிய தோலோ வைத்து ஒட்டுதல் வேண்டும். வெடிப்புகளை அதற்குரிய பசை கொண்டு மெல்ல மெல்ல நிரப்பித் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். நிறத்தை ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிய படலங்களாக ஏற்றி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததைப் பூசி, இறுதியில் காப்புப் பூச்சுத் தர வேண்டும். விட்ட தையலைக் கூடுமானவரை பழைய துளைகளின் வழியே தைப்பவனே தேர்ந்த கைவினைஞன்; புதுத் துளை ஒவ்வொன்றும் முதிர்ந்த தோலுக்குப் புதுக் காயம். அதன்பின் வேண்டுவன நிழலில் நிறுத்துதல், அடிக்கடி துடைத்தல், தோலுக்கென்றே உள்ள குழம்பைச் சில திங்களுக்கு ஒருமுறை அளவாகத் தடவுதல் ஆகியவையே.

எல்லாச் சுருக்கங்களையும் போக்கிப் புதியதுபோல் ஆக்குவது நல்ல பழுதுபார்ப்பு ஆகாது. வலிமை குன்றிய இடத்திற்கு வலிமை தந்து, முதுமையின் தடத்தை விட்டுவைப்பதே முறை. பழஞ்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர் சிதைந்த எழுத்தைத் தம் விருப்பம்போல் மாற்றி எழுதுவதில்லை அன்றோ? தோலிருக்கைக்கும் அந்நெறியே பொருந்தும்.

பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் முதல் புரோட்டோன் சாகா இடம்பெற்றது. கார் வரலாறாயிற்று; நன்று. ஆனால் காருக்கு இருக்கை தைத்தவனின் ஊசி, அவன் கையாண்ட சொற்கள், தோலைத் தடவியே அதன் வயதைச் சொன்ன அவன் விரல்களின் அறிவு ஆகியவை எந்த அருங்காட்சியகத்தில் உள்ளன? பட்டறை மூடப்படும் நாளில் அவையும் மூடப்படுகின்றன.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கு ஒரு கடமை காத்திருக்கிறது. 82ஆம் பாட்டை நடத்தும் நாளில், அருகிலுள்ள தையற் பட்டறைக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். ஊசி ஓடும் விரைவை அவர்கள் கண்ணாரக் காணட்டும். தொழிலாளி வழங்கும் சொற்களை, அவை தமிழாயினும் மலாயாயினும் சீனமாயினும், கேட்டு எழுதட்டும். அவர் பெயரை மரியாதையோடு கேட்டு ஏட்டில் குறிக்கட்டும். சாத்தந்தையார் காலத்துத் தொழிலாளியின் ஊசி நமக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அந்தக் குறையை நம் காலத்திலேனும் தவிர்ப்போம்.