மறைத்தலும் மூடலும்: தாம்பரம் வட்டாரத்தில் கைத்துப்பாக்கி உரிமத்தின் வரலாறு

உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை ஆயுத விதிகள் 2016-இன் 32ஆம் விதி சொல்கிறது. உடம்போடு பிணைத்த உறையிலோ தோள்பை போன்ற ஒன்றிலோ அது இருக்க வேண்டும். வெளியே துளியும் தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டை விட்டு அது விலகவே கூடாது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்துவிட்டு இந்த விதிக்கு வருகிறவர் சற்றுத் திகைப்பார். அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் ஆயுதத்தை மறைப்பது தண்டனையைக் கூட்டும் செயல்; ஏழாண்டு வரை சிறை. அன்று குற்றத்தின் அடையாளமாக இருந்த செயல் இன்று உரிமதாரரின் கடமை. இந்த மாற்றம் நேர்ந்த வழியைச் சென்னையின் தென்புறநகரை முன்வைத்துத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1878 சட்டம் வைஸ்ராய் லிட்டன் காலத்தது. 1857-இன் அச்சம் ஆட்சியாளர் மனத்தில் ஆறாமல் இருந்த நேரம். சட்டத்தின் வாசகத்தைவிட அதன் விலக்குப் பட்டியலே மக்களைச் சுட்டது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிமம் தேவையில்லை; இந்தியருக்குத் தேவை. பரங்கிமலையும் பல்லாவரமும் படைவீட்டு ஊர்கள். ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் குடியமர்ந்த பகுதியின் நினைவை 'வெட்டரன் லைன்ஸ்' என்ற பெயர் பல்லாவரத்தில் இன்றும் வைத்திருக்கிறது. அந்தத் தெருவில் துப்பாக்கி வீட்டுச் சாமான்களில் ஒன்று. சாலையைக் கடந்தால் அதே துப்பாக்கிக்குக் கலெக்டர் கச்சேரியில் மனுப் போட வேண்டும். ஆயுதச் சட்டத்தின் மீது எழுந்த கோபத்தை வெறும் துப்பாக்கி ஆசையாகப் படிப்பது பிழை. அது மான உணர்ச்சி. 1887-இல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியின் மக்கீஸ் தோட்டத்தில் பத்ருத்தீன் தையப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இச்சட்டத்தை எதிர்த்துப் பிபின் சந்திர பால் பேசியபோது வெளிப்பட்டது அந்த உணர்ச்சிதான்.

மறைத்து எடுத்துச் சென்ற கைத்துப்பாக்கி தமிழ்நாட்டு அரசியலில் வெடித்தது 1911 ஜூன் 17 அன்று. மணியாச்சி நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு அதே பிரௌனிங் பிஸ்டலால் தம்மையும் சுட்டுக்கொண்டார். நீளத் துப்பாக்கியோடு நடைமேடையில் நிற்பவனை ஊரே பார்க்கும். பிஸ்டலை யாரும் பார்ப்பதில்லை. ஆட்சியாளரின் அச்சத்தில் 'மறைவு' என்ற சொல்லுக்கு இருந்த கனம் இதில் விளங்கும். அதே 1911-இல் நியூயார்க் மாநிலம் சல்லிவன் சட்டத்தை நிறைவேற்றி, மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அங்கும் கவலை சட்டைக்குள் அடங்கும் சின்ன ஆயுதத்தைப் பற்றியதுதான். நியூயார்க்கின் அந்த ஏற்பாட்டில் 'தக்க காரணம் காட்டினால்தான் உரிமம்' என்ற நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் செல்லாததாக்கிவிட்டது. நம் பாதை வேறு திசையில் போனது.

முதல் உலகப் போருக்குப் பின் விதிகளில் இன வேறுபாடு நீங்கியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை; திருத்தம் தோற்றது. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பில் கடைசியில் நின்றது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. அடிமை நாட்டில் மான உணர்ச்சியாக இருந்த ஒரு கோரிக்கையை விடுதலை பெற்ற நாடு கைவிட்டது தவறென்று நான் கருதவில்லை. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் அப்போது காய்ந்திருக்கவில்லை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமப் படிவத்தின் நிபந்தனைகளில் நம் ஊருக்கு நெருக்கமான ஒன்று உண்டு. தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகிய இடங்களுக்கும் கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளும் ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. தாம்பரத்தில் இது சின்ன நிபந்தனை அல்ல. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே வந்ததிலிருந்து ஊர் கல்லூரிகளோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. ஆடி மாதத்தில் அம்மன் ஊர்வலம் வராத தெருவும் இல்லை. உரிமதாரர் கிளம்பும் முன்பே தெருக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே போகக் கூடாது என்பதைச் சொன்ன இந்த நிபந்தனை, எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளி அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அந்த இடைவெளியின் நடுவேதான் இராமாவரம் தோட்டம் வருகிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். வீட்டுக்குப் பேச வந்த எம்.ஆர். ராதாவிடம் துப்பாக்கி இருந்தது. வீட்டுக்காரரிடமும் சொந்தத் துப்பாக்கி உண்டு. பேச்சு முற்றியது, தோட்டா எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். யார் யாரைச் சுட்டார் என்ற கேள்வி வழக்கின் மையமானது. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் ஆராய்ந்து தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் சாட்சியம் அளித்தார். ராதாவுக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றதையும், அவர் குரல் பிறகு மாறிப்போனதையும் தமிழகம் அறியும். இந்த ஆய்வுக்கு அதில் முக்கியமானது வேறொன்று. முன்பின் அறியாத கொள்ளையரோ கலகக்காரரோ அந்த அறையில் இல்லை. மோதிக்கொண்டவர்கள் பல படங்களில் சேர்ந்து நடித்த இருவர். தற்காப்புக்கென்று உடன் கொண்டுபோகும் ஆயுதத்தை ஒரு மாலைநேரக் கோபம் எவ்வளவு எளிதில் வேறொன்றாக மாற்றிவிடும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடக் கசப்பான சான்று இல்லை. சட்டம் உரிமத்தைப் பார்த்தது. எடுத்துச் செல்பவரின் பழக்கத்தை அது இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை.

பார்க்கத் தொடங்கியது 2016-இல். விண்ணப்பதாரருக்கு மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் உறுதிமொழி, ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் என்று புதிய விதிகள் அடுக்கின. 32ஆம் விதியின் வாசகத்தைத் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் உறை, பை, முழு மூடல், கட்டுப்பாடு எல்லாம் ஏறத்தாழ அதே சொற்களில் அதே வரிசையில் வருகின்றன. கடன் வாங்கிய வாசகம் என்றே நான் முடிவு செய்கிறேன். நல்ல கடன்தான். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. கொண்டாட்டத்துக்குச் சுடுவதைத் தனிக் குற்றமாக்கியது.

மூடல், கட்டுப்பாடு என்ற இரண்டு சொற்களின் கனத்தைப் புறநகர் மின்ரயிலில் ஏறிப் பார்த்தால்தான் உணர முடியும். 1931-லிருந்து தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் ரயில் இது. காலை நெரிசலில் நிற்கிறவர் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கக் கையை உயர்த்துகிறார். சட்டை நுனி மேலே ஏறுகிறது. இடுப்பில் கான்பூர்த் தயாரிப்பான .32 ரிவால்வர் இருந்தால் அதன் பிடி அந்த நொடியே வெளியே தெரியும்; விதி மீறப்பட்டுவிடும். பையில் வைத்திருந்தால்? பையைத் தலைக்கு மேலே உள்ள சாமான் தட்டில் போட்டால் மூடல் இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை. முதுகில் மாட்டினால் பின்னால் நிற்பவரின் கைக்கு ஜிப் எட்டும். மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், இறங்கும்வரை. திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்துக்குப் போகிறவர் தோட்டாக்களைக் கழற்றித் துப்பாக்கியை விமான நிறுவனத்திடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மறந்துபோய்ப் பையின் மூலையில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டாகூட ஸ்கேனரில் விசாரணையாக முடியும். இவ்வளவு கவனம் நாள் முழுக்க முடியாதென்று நினைப்பவர் ஆயுதத்தை வீட்டுப் பெட்டகத்தில் விட்டுவிட்டு வருவதே முறை.

உரிமம் தரும் கையும் இங்கே அடிக்கடி மாறியிருக்கிறது. தாம்பரத்துக்காரர் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தவர். 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தவர். 2019 நவம்பர் 29 முதல் மறுபடி செங்கல்பட்டு. இடையே சென்னைக் காவல் எல்லை அவரை உள்ளிழுத்தது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் காவல் ஆணையரகம் பிறந்தது. ஆணையர் உள்ள பகுதியில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற சொல் ஆணையரையே குறிக்கும் என்று 1959 சட்டம் வரையறுப்பதால், மனுவும் புதுப்பித்தலும் ஆட்சியரகத்திலிருந்து ஆணையரகத்துக்கு நகர்ந்தன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி வரும் உத்தரவும் அங்கிருந்தே.

1878-இன் 20ஆம் பிரிவு மறைந்துவிடவில்லை. 1959 சட்டத்தில் அது 26ஆம் பிரிவாகத் தொடர்கிறது: அரசு ஊழியருக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணத்தோடு மறைவாகச் சட்டத்தை மீறினால் இன்றும் ஏழாண்டு வரை சிறை. மூடு என்கிறது விதி, மறைக்காதே என்கிறது பிரிவு. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் மூடுவது கூட்டத்தின் கண்ணிலிருந்து, மறைப்பது சட்டத்தின் கண்ணிலிருந்து. பெருங்களத்தூரில் இரவு வாகனச் சோதனையை எண்ணிப் பாருங்கள். வண்டியை ஓரங்கட்டியவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சம் இடுப்பைத் தொடும் முன்பே, "சார், எங்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, புக் டாஷ்போர்டுல இருக்கு" என்கிறார். எஸ்.ஐ. கையை நீட்டி, முதலில் புத்தகத்தை வாங்குகிறார்.