இரவுப் பணியாளரும் அவசரகாலத் திட்டமும்: அமெரிக்க முதியோர் இல்லங்களின் ஆயத்த விதிகள், 1957–2025

அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2006இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 94 விழுக்காடு, அவசரகாலத் திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதியை நிறைவேற்றியிருந்தன. பணியாளர்களுக்குப் போதிய பயிற்சி தந்தவை 80 விழுக்காடு. அதே அலுவலகம் 2012இல் வெளியிட்ட அடுத்த அறிக்கையில் திட்டம் வைத்திருந்தவை 92 விழுக்காடாகவும் பயிற்சி தந்தவை 72 விழுக்காடாகவும் இருந்தன. 2005இல் அடித்த கத்ரீனா புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில், நாடே பேரிடர் ஆயத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கோப்பு ஏறக்குறைய அப்படியே இருக்க, பயிற்சி சரிந்திருக்கிறது.

இது தற்செயல் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்கச் சட்டம் முதலில் கட்டடத்தைப் பார்த்தது, அடுத்து கோப்பைப் பார்த்தது. அந்தக் கட்டடத்தில் அந்தக் கோப்போடு இரவில் தனித்து நிற்கும் பணியாளரைக் கடைசியாகவும் அரைமனதோடும்தான் பார்த்தது.

கதை தீயில் தொடங்குகிறது. 1957 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மிசௌரி மாநிலத்தின் வாரன்டன் ஊரில் கேட்டி ஜேன் நினைவு இல்லம் எரிந்து 72 பேர் மாண்டனர். 1963 நவம்பர் 23 அதிகாலையில் ஒஹையோ மாநிலத்தின் ஃபிட்ச்வில்லில் கோல்டன் ஏஜ் இல்லம் எரிந்தது. அங்கிருந்த 84 முதியவர்களில் 63 பேர் பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டிருந்தார். நாட்டின் கவனமெல்லாம் அங்கே இருந்ததால் ஒரு கிராமப்புற இல்லத்தில் கருகிப்போனவர்களுக்குச் செய்தித்தாளின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது.

1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்குமான மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்த பிறகு இந்த இல்லங்களுக்கு அரசுப் பணம் பாயத் தொடங்கியது. பணம் தருகிறவர் நிபந்தனை விதிக்கலாம் அல்லவா? 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்கள், தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பை இல்லங்கள்மேல் சுமத்தின. ஆனாலும் 1970 ஜனவரியில் ஒஹையோவின் மரியெட்டாவில், புதிதாகக் கட்டப்பட்ட ஹார்மர் ஹவுஸ் இல்லத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலரைக் கொன்றது தீயின் நாக்கு அல்ல, தரைவிரிப்பு எரிந்து கிளப்பிய புகை.

இந்தக் காலகட்டம் விட்டுச்சென்ற முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. நடக்க முடியாதவரைப் படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு இறக்குவது நடவாத காரியம். ஆகவே ஒவ்வொரு தளமும் புகை தாண்டாத சுவர்களால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தீப்பிடித்த பகுதியில் இருப்பவரைக் கட்டிலோடு உருட்டி, அதே தளத்தில் அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினால் போதும். பணியாளருக்குச் சொல்லித்தரப்படும் பாடம் ‘ரேஸ்’ என்ற நான்கெழுத்துச் சுருக்கம்: ஆபத்தில் இருப்பவரை முதலில் அகற்று, எச்சரிக்கை மணியை இயக்கு, கதவைச் சாத்தித் தீயை அடைத்து வை, முடிந்தால் மட்டும் அணை. வரிசை முக்கியம். தீயணைப்பானைத் தேடி ஓடுவதுதான் மனித இயல்பு. அந்தச் சில விநாடிகளில் திறந்து கிடக்கும் கதவு வழியே புகை நடைக்கூடத்தை நிரப்பிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு ஷிப்டிலும், தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்றும் உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு சொல்கிறது. கூடவே ஒரு சலுகையும் தருகிறது: இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை நடக்கும் ஒத்திகையில் மணி அடிக்க வேண்டாம், சங்கேத அறிவிப்பு போதும். தூங்கும் முதியவர்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்ற கரிசனம் நியாயமானதுதான். ஆனால் ஆள் குறைவாக இருப்பது இரவில், ஒத்திகை சத்தமில்லாமல் முடிந்துவிடுவதும் இரவில்.

1987ஆம் ஆண்டின் முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம்தான் பணியாளர் பக்கம் முதன்முதலாகத் திரும்பியது. உதவிச் செவிலியர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது. அதை ஒட்டி வந்த விதிகளின்படி, முதியவரைத் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரம் பயின்றிருக்க வேண்டும். அந்தப் 16 மணி நேரத்துக்குள் உரையாடும் முறை, தொற்றுத் தடுப்பு, முதியவரின் உரிமைகள் ஆகியவற்றோடு அவசரகால நடைமுறையும் ஒரு தலைப்பு. தொண்டையில் உணவு சிக்கினால் என்ன செய்வது என்பதும் அதே தலைப்புக்குள் அடக்கம். வெள்ளத்துக்கும் புயலுக்கும் மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கட்டடப் பக்கமும் வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. 2003இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டிலும் டென்னசியின் நாஷ்வில்லிலும் சில மாத இடைவெளியில் இரண்டு இல்லங்கள் எரிந்தன. இரண்டிலும் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை, பழைய கட்டடங்களுக்கு விதி அதைக் கட்டாயமாக்கவும் இல்லை. 2008இல் விதி திருத்தப்பட்டு, 2013 ஆகஸ்ட் 13க்குள் எல்லா இல்லங்களிலும் நீர்த்தெளிப்பான் இருக்க வேண்டும் என்று ஆனது. வாரன்டன் எரிந்து அதற்குள் 56 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தீயைவிடச் சிக்கலான கேள்வியைத் தண்ணீர் எழுப்பியது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரை கடந்தது. நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே செயின்ட் பெர்னார்ட் பகுதியில் இருந்த செயின்ட் ரீட்டா இல்லம் முதியவர்களை வெளியேற்றவில்லை. கரைகள் உடைந்து வெள்ளம் புகுந்ததில் 35 பேர் இறந்தனர். உரிமையாளர் தம்பதிமேல் வழக்குத் தொடரப்பட்டது. நலிந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி அலைக்கழித்தால் அதுவே உயிரைப் பறிக்கும் என அஞ்சினார்கள் என்பது அவர்கள் தரப்பு. 2007இல் ஜூரி இருவரையும் விடுவித்தது.

அந்த அச்சம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கத்ரீனா ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரீட்டா புயல் டெக்சஸை நோக்கி வந்தது. ஹூஸ்டனை ஒட்டிய பெல்லேரிலிருந்து முதியவர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன பேருந்து ஒன்று, செப்டம்பர் 23 அன்று டல்லாஸ் அருகே வில்மரில் தீப்பற்றியது. பின்சக்கரத்தின் பேரிங் மசகின்றிச் சூடேறியதுதான் தொடக்கம். உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் தீயை மேலும் வளர்த்தன. 23 பேர் இறந்தனர். முன்னெச்சரிக்கையாகப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

போனாலும் சாவு, இருந்தாலும் சாவு என்ற இந்த நிலையை டேவிட் டோசா, லிசா பிரவுன் முதலிய ஆய்வாளர்கள் கத்ரீனா, ரீட்டா, குஸ்டாவ், ஐக் ஆகிய நான்கு புயல்களின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2012இல் வெளியான அவர்களின் கட்டுரைகள் சொல்வது இது: வெளியேற்றம் தன்னளவிலேயே இறப்பைக் கூட்டுகிறது, கடும் மறதிநோய் உள்ளவர்களிடம் இது தெளிவாகவே தெரிகிறது. பழகிய அறை, பழகிய முகம், வேளைக்கு மாத்திரை எல்லாம் ஒரே நாளில் பறிபோனால் அந்த உடம்பு தாங்குவதில்லை. ஆகவே ‘எச்சரிக்கை வந்தால் எல்லோரையும் வெளியேற்று’ என்று ஒரே வரியில் விதி எழுத முடியாது. அந்தந்த இல்லத்தில், அந்தந்த வேளையில், பொறுப்பில் இருப்பவர்தான் எடைபோட வேண்டும்.

எடைபோட அவர் கையில் என்ன இருந்தது? 2012 அறிக்கைக்காக 24 இல்லங்களின் திட்டங்கள் நேரில் பார்க்கப்பட்டன. அவற்றில் 23, வழியில் ஒருவர் நோயுற்றாலோ இறந்தாலோ என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. பணிக்கு வர முடியாதவர்களுக்கு மாற்று ஆள் ஏற்பாடும் பெரும்பாலானவற்றில் இல்லை. பணியாளருக்கும் வீடு உண்டு, அதையும் அதே புயல்தான் அடிக்கிறது. இந்தச் சாதாரண உண்மை திட்டம் எழுதியவர்களின் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

2016 செப்டம்பரில் வந்த மத்திய விதி இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். மருத்துவமனை முதல் முதியோர் இல்லம் வரை 17 வகை நிறுவனங்களுக்கு அது பொருந்தும். ஆபத்து மதிப்பீட்டோடு கூடிய திட்டம், நடைமுறைகள், தகவல் தொடர்பு, பயிற்சியும் ஒத்திகையும் என நான்கு தூண்கள். பொறுப்பாளர் இல்லாதபோது அதிகாரம் யாருக்குப் போகும் என்பதையும் திட்டம் சொல்ல வேண்டும். 2019இல் மற்ற பல நிறுவனங்களுக்குப் பயிற்சி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எனத் தளர்த்தப்பட்டபோதும் முதியோர் இல்லங்களுக்கு ஆண்டுதோறும் என்பதே நீடித்தது. இது சரியான முடிவு.

விதி நடைமுறைக்கு வர வேண்டிய கெடு 2017 நவம்பர் 15. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, இர்மா புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியது. அங்கே இருந்த ஹாலிவுட் ஹில்ஸ் என்ற முதியோர் பராமரிப்பு மையத்தில் கரண்ட் முழுவதும் போகவில்லை. ஏசிக்கு மின்சாரம் தந்த இணைப்பு மட்டும் அறுந்தது. விளக்கு எரிந்தது, காற்று கொதித்தது. இருந்த ஜெனரேட்டர் ஏசியோடு இணைக்கப்படவில்லை. பணியாளர்கள் மின்விசிறிகளையும் தற்காலிகக் குளிரூட்டிகளையும் வைத்துப் பார்த்தார்கள், மின் நிறுவனத்தை அழைத்தார்கள், ஆளுநர் கொடுத்திருந்த கைபேசி எண்ணுக்கும் அழைத்தார்கள். தெருவைக் கடந்தால் குளிர்சாதன வசதியோடு ஒரு பெரிய மருத்துவமனை. 13ஆம் தேதி மருத்துவமனை ஊழியர்களே வந்து பார்த்த பிறகுதான் இல்லம் காலியானது. 12 மரணங்கள் கொலைக் கணக்கில் வைக்கப்பட்டன.

ஃபுளோரிடா 2018இல் சட்டம் இயற்றியது: ஏசியை இயக்கும் மாற்று மின்சாரம், நான்கு நாளுக்கான எரிபொருள், 81 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாத வெப்பம். மறுபடியும் இயந்திரம்! அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களில் அங்கே இல்லாதது ஜெனரேட்டர் மட்டுமல்ல. ‘போதும், தெருவைக் கடப்போம்’ என்று சொல்லத் துணிந்த ஒருவர் இல்லை. நிர்வாகியும் மூன்று செவிலியர்களும் குற்றம் சாட்டப்பட்டனர். செவிலியர்கள் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, நிர்வாகி 2023இல் விடுதலையானார்.

கோப்பின் எல்லையை 2021 காட்டியது. ஐடா புயலுக்கு முன் லூசியானாவில் ஒரே உரிமையாளரின் ஏழு இல்லங்களிலிருந்து 800க்கும் மேற்பட்ட முதியவர்கள் ஒரு சரக்குக் கிடங்குக்குக் கொண்டுபோகப்பட்டுத் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தப்பட்டனர். சிலர் இறந்தனர். திட்டத்தை மீறி நடந்த காரியமல்ல அது; அந்தக் கிடங்கு திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

விதியின் பார்வை இறுதியில் ஆள் எண்ணிக்கைக்கு வந்தது, அதுவும் கொரோனாவில் இல்லங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு. ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு, 24 மணி நேரமும் இல்லத்தில் ஒரு பதிவுபெற்ற செவிலியர் என 2024இல் மத்திய அரசு விதித்தது. செலவு தாங்காது, ஆள் கிடைக்காது என்று இல்ல உரிமையாளர்களின் சங்கங்கள் வழக்காடின. கிராமப்புற இல்லங்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. 2025 ஏப்ரலில் டெக்சஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியின் மையப் பகுதிகளை ரத்து செய்தது. பழைய விதியின்படி பதிவுபெற்ற செவிலியர் நாளுக்கு 8 மணி நேரம் இருந்தால் போதும். மீதி 16 மணி நேரத்துக்குள்தான் இரவு வருகிறது.